பத்தாவது துளை வரை: ஒலிம்பிக் டாம் தாமிரத் தேடலில் செலவும் பலனும்

வீட்டில் போர் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கப்பட்டதுதான். ராத்திரி பதினொரு மணி, ரிக் சத்தத்தில் தெருவே விழித்திருக்கிறது. வண்டிக்காரர் வந்து, "300 அடி ஆயிடுச்சுங்க, இன்னும் தூசிதான் வருது. நிறுத்திடலாமா, இன்னொரு நூறு போகலாமா?" என்று கேட்கிறார். 300 அடிக்குக் கீழே அடிக்கு ரேட் வேறு. இதுவரை கொடுத்த காசு திரும்பாது. அதை நினைத்து மனசு "இன்னும் கொஞ்சம்" என்கிறது. பர்ஸ் "போதும்" என்கிறது. நீரோட்டம் பார்த்தவர் அந்த நேரத்தில் போனை எடுப்பதில்லை.

கனிமத் தேடலில் இதே கேள்வி பல மடங்கு பெரிதாக வரும். ஒரு பெரிய நிறுவனம் 1970களில் தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் போட்ட பத்துத் துளைகளின் கதை இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். இடம், நிறுவனம், அளவுகள் எல்லாம் பொதுவில் பதிவானவை. இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதல் துளையையும் பத்தாவது துளையையும் பேசுவார்கள். எனக்கு என்னவோ இரண்டிலிருந்து ஒன்பது வரைதான் கண் போகிறது.

பின்னணி

வெஸ்டர்ன் மைனிங் கார்ப்பரேஷன் 1966இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவில் நிக்கல் கண்டுபிடித்தது. அதற்கு முன் தங்கத்தில் தேய்ந்துகொண்டிருந்த நிறுவனம் அது. நிக்கல் வருமானம் வந்ததும் ஆய்வுப் பிரிவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அடுத்து தாமிரம் தேடுவது என்று முடிவானது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1840களிலேயே கபுண்டா, பர்ரா என்று தாமிரச் சுரங்கங்கள் இருந்தன. அவையெல்லாம் தரைமட்டத்தில் பச்சை நிறத் தாது கண்ணில் பட்டுத் தோண்டியவை. கண்ணில் படக்கூடியது ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்பதால், மூடியிருக்கும் பாறைக்குக் கீழே போக வேண்டியிருந்தது.

கீழே எங்கே போவது? இதற்கு நிறுவனத்தின் இளம் புவியியலாளர் ஒருவரிடம் ஒரு கருத்து இருந்தது. பசால்ட் எரிமலைப் பாறைகள் ஆக்சிஜன் ஏறிச் சிதையும்போது அவற்றிலுள்ள தாமிரம் விடுபடுகிறது என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வில் வந்த முடிவு. விடுபட்ட தாமிரம் மேலேயுள்ள படிவுப் பாறைகளில் போய்ச் சேர வேண்டும். ஆகவே, படிவுப் பாறைக்கு அடியில் பெரிய, சிதைந்த பசால்ட் குவியல் இருக்கும் இடத்தைத் தேடினால் போதும்.

இடம் தேர்ந்த விதம்

பசால்ட் கனமானது, காந்தத்தன்மையும் உண்டு. ஈர்ப்பு வரைபடத்திலும் காந்த வரைபடத்திலும் ஒரே இடத்தில் மேடு தெரிந்தால் அங்கே பசால்ட் இருக்கலாம். இந்த வரைபடங்களின் அடிப்படைத் தரவை அரசு நிறுவனம் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது; அதாவது, தேடலில் மிக மலிவான பகுதி இது. கூடவே நிறுவனத்தில் இன்னொருவர், நிலமேலோட்டின் பெரிய பிளவுக் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வழிகளும் ஸ்டூவர்ட் ஷெல்ஃப் என்ற பகுதியைக் காட்டின.

அடிலெய்டிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, ராக்ஸ்பி டவுன்ஸ் என்ற ஆட்டுப் பண்ணை. சிவப்பு மணல்மேடு, உப்புப் புதர், அவ்வளவுதான். தாமிரத்துக்குத் தரையில் ஒரு தடயமும் இல்லை. ஆடுமாடுகளுக்காக வெட்டிய குளம் ஒன்று அங்கே இருந்தது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கை ஒட்டி அதற்கு ஒலிம்பிக் டாம் என்று பெயர். துளையிடத் தண்ணீர் வேண்டும், குளம் பக்கத்தில் இருப்பது வசதி. உலகின் மிகப் பெரிய யுரேனியப் படிவுக்கு ஓர் ஆட்டுக் குளத்தின் பெயர் வந்தது இப்படித்தான்.

1975 ஜூலை: ஆர்டி-1

முதல் துளைக்கு ஆர்டி-1 என்று எண் கொடுத்தார்கள். மேலே 300 மீட்டருக்கு மேல் தட்டையான படிவுப் பாறைகள். அதில் ஒன்றும் இல்லை. அதைத் தாண்டியதும் பசால்ட் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது வேறு பாறை: உடைந்து நொறுங்கித் திரும்ப ஒட்டிப்போன, இரும்பு ஏறிய சிவப்பும் கறுப்புமான பிரெசியா.

துளையிலிருந்து முழு உருளையாக எடுக்கும் பாறைத் துண்டுக்குக் கோர் என்று பெயர். இந்த மாதிரிப் பாறையின் கோரைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் உறைப்பது எடை. இன்று வழக்கமாக எடுக்கும் சுமார் 48 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோர் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கிரானைட்டாக இருந்தால் ஏறக்குறைய 4.7 கிலோ. ஹேமடைட் என்ற இரும்புத் தாது நிறைந்ததாக இருந்தால் அதே நீளம் 7 கிலோவைத் தொடும். கோர் பெட்டியை இருவர் தூக்கும்போது முழங்கை சொல்லிவிடும். ஆனால் தாமிரம் இருக்கிறதா என்பதைக் கண் சொல்லாது. 1 சதவீதத் தாமிரம் என்றால் நூறு கிராம் பாறையில் சால்கோபைரைட் என்ற தாமிரத் தாது மூன்று கிராம்கூட இருக்காது. அதுவே சாம்பல் நிற சால்கோசைட்டாக இருந்தால் ஒன்றேகால் கிராம்தான், கறுத்த ஹேமடைட்டுக்குள் அது கலந்தால் லென்ஸ் வைத்தாலும் தப்பிவிடும். கோரை நீளவாக்கில் வைர ரம்பத்தால் அறுத்து, பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

முடிவு வந்தது: சுமார் 353 மீட்டர் ஆழத்திலிருந்து 38 மீட்டர் நீளத்துக்கு 1.05 சதவீதத் தாமிரம்.

இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. திறந்தவெளிச் சுரங்கத்தில், தரைக்குப் பக்கத்தில் 1 சதவீதம் கிடைத்தால் நல்ல தாது. 350 மீட்டருக்குக் கீழே, வெறும் பாலைவனத்தில், ரயிலும் மின்சாரமும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அது வெறும் தகவல். ஆனாலும் தகவலுக்கு ஒரு மதிப்பு உண்டு. முதல் துளையே தாமிரத்தைத் தொட்டிருக்கிறது. தேடிய பசால்ட்டைத் தொடவில்லை. கருத்து தவறு, இடம் சரி.

ஆழத்தின் விலை

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஆழமாகத் துளையிடுவது ஏன் இவ்வளவு செலவு என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த பகுதியின் சங்கடம் புரியாது.

நீர்ப் போர் போடுகிற ரிக் பாறையைத் தூளாக்கி ஊதித் தள்ளும். திருச்செங்கோட்டு வண்டி ஒரே நாளில் ஆயிரம் அடி போய்விட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். கனிமத் தேடலில் மேல்மூடியை அப்படித் தாண்டலாம். ஆனால் பார்க்க வேண்டிய பாறைக்கு வந்ததும் தூள் போதாது, முழு உருளையாக வேண்டும். வைரம் பதித்த வளைய பிட் சுற்றிச் சுற்றி வெட்ட, நடுவில் மிஞ்சும் உருளைதான் கோர். மூன்று மீட்டர் வெட்டியதும் உள்குழாயைக் கம்பியில் இழுத்து மேலே எடுப்பார்கள். ஆழம் கூடக் கூட இந்தக் கம்பி போய்வரும் நேரமும் கூடும். பிட் தேய்ந்துவிட்டால் கம்பி உதவாது. ராடு முழுவதையும் மேலே எடுக்க வேண்டும். மூன்று மீட்டர் ராடு என்றால் 1,000 மீட்டர் ஆழத்தில் 333 ராடு. ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கி, பிட்டை மாற்றி, மறுபடி ஒவ்வொன்றாக மாட்டி இறக்க ஒரு ஷிப்டின் பெரும்பகுதி போய்விடும். அந்த ஷிப்டில் ஓர் அங்குலம்கூட முன்னேற்றம் இருக்காது; ரிக் வாடகையும் ஆள் கூலியும் டீசலும் மட்டும் ஓடும்.

அப்புறம் துளை நேராகப் போகாது. மொத்தப் போக்கில் ஒரு டிகிரி விலகினாலே 1,000 மீட்டரில் 17 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்விடும். பிளவு ஒன்றில் தண்ணீர் முழுவதும் ஓடிவிட்டால் பிட் சூடேறிச் சிக்கும். சிக்கினால் ராடும் போச்சு, துளையும் போச்சு. ஆக, 700 மீட்டர் துளை என்பது இரண்டு 350 மீட்டர் துளைகளின் விலையில் முடிவதில்லை.

ஒலிம்பிக் டாமில் இன்னொரு கொடுமை. எங்கே துளை போட்டாலும் முதல் 300 மீட்டருக்கு மேல் தண்டச் செலவு. தெரிந்துகொள்ள வேண்டியது அதற்குக் கீழேதான் ஆரம்பமாகிறது.

இரண்டிலிருந்து ஒன்பது வரை

ஆர்டி-1 கொடுத்த அரைகுறை நம்பிக்கையில் மேலும் துளைகள் போட அனுமதி கிடைத்தது. அடுத்த எட்டுத் துளைகள் பெரும்பாலும் ஏமாற்றம். ஒன்றிரண்டு இடத்தில் தாமிரம் தலைகாட்டியது. சுரங்கம் வெட்டும் அளவுக்கு எங்கும் இல்லை. ஓர் ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

நிறுத்தச் சொல்லக் காரணங்கள் இருந்தன. எடுத்துக்கொண்ட கருத்து பாறையில் பொய்த்திருந்தது. கனமான ஹேமடைட் ஈர்ப்பு மேட்டை விளக்கியது. காந்த மேட்டை விளக்கவில்லை. அதற்கான மூலம் இன்னும் ஆழத்தில் எங்கோ இருக்க வேண்டும். தொடரச் சொல்லவும் காரணம் இருந்தது: அந்த இரும்பேறிய பாறை ஒரு துளையோடு முடியவில்லை. இவ்வளவு பெரிய பரப்பில் பாறையை உடைத்து இரும்பை ஏற்றிய நிகழ்வு சின்னதாக இருக்க முடியாது. தாமிரம் எங்காவது சேர்ந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை, விளக்கத்துக்காக மட்டும். ஒவ்வொரு துளைக்கும் நல்ல தாதுவைத் தொடும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பத்துத் துளை போட்டால் ஒன்று கிடைத்துவிடும் என்று மனசு சொல்லும். கணக்கு சொல்வது வேறு: பத்தும் வெறுமையாகப் போக 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது உங்கள் நம்பிக்கை முற்றிலும் சரியாக இருந்தாலும், உங்களைப் போன்ற மூன்று பேரில் ஒருவர் பத்துத் துளை போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். எட்டுத் துளை பொய்த்தது என்பது அங்கே ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இருக்கிறது என்பதற்கும் சாட்சி ஆகாது. ஒன்பதாவது துளையின் பக்கத்தில் நிற்கிறவருக்கு இரண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்படியானால் தொடர்ந்தவர்களை எது தொடர வைத்தது? விஞ்ஞானத்தை நம்பும் ஆய்வுத் தலைமை இருந்தது. அதற்கு நிகராக, கையில் நிக்கல் காசு இருந்தது. இரண்டாவதைப் பலர் சொல்வதில்லை. இரண்டு துளைக்கு மட்டும் பணம் திரட்டிய ஒரு சின்ன நிறுவனம் இதே கருத்தோடு இதே இடத்தில் நின்றிருந்தால், மூன்றாவது துளைக்கு முன்பே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கும்.

பத்தாவது

1976 இறுதியில் ஆர்டி-10. மூடிய பாறைக்குக் கீழே 170 மீட்டர் நீளத்துக்கு 2.1 சதவீதத் தாமிரம், கூடவே சுமார் 0.06 சதவீத யுரேனிய ஆக்சைடு.

இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆர்டி-1ஐவிட நான்கு மடங்குக்கு மேல் நீளம், இரு மடங்கு தரம். அதற்குப் பிறகு எத்தனை துளை என்ற கேள்வியே மாறிவிட்டது. தேடுவதற்கான துளைகள் போய், அளப்பதற்கான துளைகள் வந்தன.

அப்புறம் நடந்தது

கண்டுபிடித்தால் காசு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும்.

1979இல் பிபி எண்ணெய் நிறுவனம் 49 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது. அளக்கவும் சுரங்கம் கட்டவும் ஆகும் செலவை ஒரு நிறுவனம் தனியாகத் தாங்குவது கடினம். யுரேனியம் இருப்பதால் அரசியல் எதிர்ப்பு வேறு. சுரங்கத்துக்கான ஒப்பந்தச் சட்டம் 1982இல் தெற்கு ஆஸ்திரேலிய மேலவையில் மயிரிழையில் நிறைவேறியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தன் கட்சியை விட்டு விலகி ஆதரவாக வாக்களித்ததால்தான் அதுவும் நடந்தது. 350 மீட்டர் பாறையைத் துளைத்தவர்களின் உழைப்பு கடைசியில் ஒரு கை உயர்வதில் வந்து நின்றது.

சுரங்கம் 1988 நவம்பரில் திறக்கப்பட்டது. முதல் துளைக்கும் அதற்கும் இடையே 13 ஆண்டு. ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்தால், 13 ஆண்டு கழித்து வரும் நூறு ரூபாயின் இன்றைய மதிப்பு 29 ரூபாய். துளையின் செலவு முழு ரூபாயில் இன்றே போகிறது. பலன் 29 காசு வீதம்தான் கணக்கில் ஏறுகிறது. ஆழமான தேடலில் பரிசு மிகப் பெரிதாக இருந்தால் மட்டுமே கட்டுபடியாகும் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

தண்ணீர் இன்னொரு விலை. 100 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பெரும் ஆர்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்த் தேக்கத்திலிருந்து குழாயில் கொண்டுவருகிறார்கள். அந்தப் படுகையின் அழுத்தத்தில் பாலைவனத்தில் ஊறும் நீரூற்றுகள் அரபானா பழங்குடி மக்களுக்குப் புனிதமானவை. அவை வற்றுவதைப் பற்றிய குறை பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. துளைச் செலவு என்று எழுதும் தாளில் இந்த வரி அன்றைக்கு இருக்கவில்லை.

படிவின் அளவைப் பற்றிச் சந்தேகமில்லை. தெரிந்தவற்றில் உலகின் மிகப் பெரிய யுரேனியப் படிவு, மிகப் பெரிய தாமிரப் படிவுகளிலும் ஒன்று. இந்த வகைப் படிவுக்கே ஒரு தனிப் பெயரும் பிரிவும் 1990களில் உருவாயின. 2005இல் பிஎச்பி என்ற பெரும் சுரங்க நிறுவனம் வெஸ்டர்ன் மைனிங்கை 9.2 பில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியபோது, வாங்கியதில் மதிப்புமிக்கது இந்தச் சுரங்கம். ஆனாலும் அதே பிஎச்பி, மேலிருந்து பெரும் குழியாகத் திறக்கும் திட்டத்தை 2012இல் ஒத்திவைத்தது. மேலேயுள்ள 350 மீட்டர் வெற்றுப் பாறையை அகற்றவே பல ஆண்டுகள் ஆகும். முதல் துளையில் தொல்லை கொடுத்த அதே மூடி ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்தும் குறுக்கே நின்றது.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

முதலில், ஆர்டி-1 முடிந்த வாரமே நிறுத்தும் விதியை எழுதி வைத்துவிடுவேன். இத்தனை துளை, இந்தப் பரப்பு, குறைந்தது இவ்வளவு தாமிரம். இல்லையென்றால் ரிக்கைக் கிளப்பு. ஒவ்வொரு முடிவு வந்த பிறகும் "இன்னொன்று" என்று பேரம் பேசினால் ராத்திரி பதினொரு மணி போர்க் கணக்குதான் நடக்கும். இப்படி ஒரு விதியில் எட்டு துளை என்று எழுதியிருந்தால் ஆர்டி-10 வந்திருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். அந்த விலையைத் தெரிந்தே கொடுப்பேன். ஏனென்றால் எட்டுத் துளையில் பொய்த்து, ஒன்பது, பத்து, இருபது என்று போய் நிறுவனத்தையே மூடியவர்களைப் பற்றி யாரும் ஆய்வு எழுதுவதில்லை. நம் கையில் இருப்பது வென்றவரின் கணக்குப் புத்தகம் மட்டும்.

ஆனால் விதியில் துளை எண்ணிக்கையை மட்டும் வைக்கமாட்டேன். ஒவ்வொரு துளையும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆர்டி-1இன் கோர் கைக்கு வந்ததும் அதன் அடர்த்தியையும் காந்தத்தன்மையையும் அளந்து, ஈர்ப்பு வரைபடத்தைப் புதிதாகக் கணக்கிட்டு, அதற்குப் பிறகு இரண்டாவது துளைக்கு இடம் தேர்வேன். பசால்ட்டைத் தேடி வரைந்த வரைபடம் ஹேமடைட்டைத் தேட உதவாது. நெருக்கமாக ஈர்ப்பு அளக்க ஆகும் செலவு ஒரு துளையோடு ஒப்பிட்டால் சில்லறை.

துளை நன்றாக இறங்கிய இடத்தில் ஒரே துளையில் முடிக்காமல், பாதி ஆழத்தில் ஆப்பு வைத்துத் திருப்பிக் கிளைத் துளைகள் போடலாம். 300 மீட்டர் வெற்றுப் பாறைக்கு ஒருமுறை மட்டும் பணம் கொடுத்து, கீழே இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம்.

பணம் எங்கிருந்து என்பதையும் முன்கூட்டியே கேட்பேன். இதற்கு அதே மாநிலத்தில் ஒரு நல்ல மாற்று வழி நடந்திருக்கிறது. 2005இல் கேரபடீனா என்ற இடத்தில் ஒரு மிகச் சிறிய தேடல் நிறுவனம், மாநில அரசு துளைச் செலவில் ஒரு பகுதியை ஏற்கும் திட்டத்தின் கீழ் துளையிட்டது. சுமார் 470 மீட்டர் மூடிக்குக் கீழே 178 மீட்டருக்கு 1.83 சதவீதத் தாமிரம் கிடைத்தது. 2011இல் ஓஸ் மினரல்ஸ் என்ற சுரங்க நிறுவனம் அதை 250 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. தனியாரால் தாங்க முடியாத அந்த முதல் ஆழத் துளையின் ஆபத்தை அரசு கொஞ்சம் தோளில் வாங்கிக்கொண்டால், நிக்கல் காசு இல்லாதவரும் உள்ளே வர முடிகிறது. பதிலுக்கு அரசுக்குக் கோர் பெட்டிகளும் தகவலும் கிடைக்கின்றன. அடிலெய்டின் டான்ஸ்லியில் 2016இல் திறந்த கோர் நூலகத்தில் இப்படிச் சேர்ந்த பெட்டிகளை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

பொய்த்த துளை கடைசி வார்த்தை ஆகாது, அதன் கோரை எறியாமல் வைக்க வேண்டும் என்பதற்கு ஒலிம்பிக் டாமிலிருந்து 65 கிலோமீட்டர் தென்கிழக்கே ஓக் டாம் இருக்கிறது. 1970களிலேயே அங்கே துளை போட்டுப் பார்த்தார்கள். இரும்பு வந்தது, சுரங்கம் வரவில்லை. 2018இல் பிஎச்பி அங்கே மறுபடி இறங்கியது. ஏடி-23 என்ற துளையில் 1,063 மீட்டரிலிருந்து 425.7 மீட்டர் நீளத்துக்கு 3.04 சதவீதத் தாமிரம், அதற்குள் 180 மீட்டருக்கு 6.07 சதவீதம். 2024இல் முதல்முறையாகப் படிவின் மதிப்பீடு வெளிவந்தது: 134 கோடி டன், சராசரி 0.66 சதவீதத் தாமிரம். ஆறு சதவீதம் என்று தலைப்புச் செய்தி போட்டவர்கள் இந்தச் சராசரியைப் பெரிதாகப் போடவில்லை. முதல் துளை போட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகும், அந்த அறிவிப்பு வந்த நாளில் ஓக் டாமிலிருந்து வெளியே வந்திருந்த தாது கோர் பெட்டிகளில் இருந்தது மட்டும்தான்.